பதினைந்து தப்புகள்

பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

இங்கே நான் நன்றாகத்தான் இருக்கிறேன், கொஞ்சம் இளைத்திருக்கிறேன். இளைத்ததை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதே, தூக்கம் போய்விடும். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தான் இன்னும் செய்தித்தாளை முழுசாகப் படித்து முடிக்கும்வரை யாருக்கும் ஒரு பக்கம்கூடத் தருவதில்லையா?

முக்கியமான விஷயம். எங்கள் குழுவின் பாட்டுகளை இசைத்தட்டாகப் போட ஒரு கம்பெனி ஒத்துக்கொண்டுவிட்டது! நான்கு வருஷமாகப் பகலெல்லாம் பார்சல் அலுவலகத்தில் பெட்டி தூக்கிவிட்டு, சாயங்காலம் கிட்டாரைத் தூக்கியதற்கு இப்போதுதான் ஒரு வழி பிறந்திருக்கிறது. ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம். கம்பெனியின் தயாரிப்பாளருக்கு நாங்கள் 'காது' என்று பெயர் வைத்திருக்கிறோம். மனுஷன் எதையும் பார்ப்பதில்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பார். எங்கள் முக்கியமான பாட்டைக் கேட்டுவிட்டு, "பாடற பொண்ணு ஓகே. டிரம்ஸ் ஓகே. கிட்டார்தான் யோசிக்கணும். ஏப்ரல்ல ஒரு தடவ வாசிச்சுக் காட்டுங்க. சரியா வரலேன்னா என்கிட்ட ஒரு ஆள் இருக்காரு, அவர வெச்சு முடிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். வேறு ஒருத்தன் வாசித்த தட்டில் என் முகம் மட்டும் அட்டையில் இருந்தால் எப்படி இருக்கும், நீயே சொல்.

அந்தப் பாட்டின் நடுவில் எல்லாரும் நின்றுவிடுவார்கள். ஐம்பது நொடி கிட்டார் மட்டும்தான், துணைக்கு ஒரு ஈ காக்கா கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் கட்டடத்துப் படிக்கட்டில் சின்ன ஆம்ப் ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு அதை ஒருமுறை வாசித்தேன். டிரம்மரின் ரெக்கார்டரில் பதிவு செய்த அந்தக் கேசட்டைத்தான் இதோடு அனுப்பியிருக்கிறேன். பிரதி எடுக்கவில்லை, ரெக்கார்டரை உடனே திருப்பிக் கேட்டுவிட்டான். போனில் பேசலாம் என்றால் போன் வீட்டுக்காரர் கூடத்தில் இருக்கிறது, நான் பேசினால் அவர் குடும்பமே டிவியின் சத்தத்தைக் குறைக்கிறது. நீ கேட்டுவிட்டு எழுது. தப்பு இருந்தால் முகத்துக்கு நேரே சொல். எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீதான், உன் காதுக்குத் தப்பாதது உலகத்தில் எதுவும் கிடையாது.

அம்மாவை மாத்திரை போடச் சொல். உன் பதிலுக்காகத் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கப்போகும்,
உன் தம்பி


மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு வலி இருக்கிறது, ஆனால் உன்னைப் பற்றிப் பேசும்போது மறந்துவிடுகிறது. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நான் கிட்டார் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் மாணவர்களுக்குப் பரீட்சை. பள்ளிக்குக் கீழே இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சுவரை இடித்துக் கட்டுகிறார். அந்தச் சத்தத்தில் மனுஷி எதைக் கேட்பது?

உன் கேசட்டைக் கேட்டேன். பதினைந்து தப்பு இருக்கிறது.

ஆறாவது நொடியில் மூன்றாவது தந்தி சுருதியை விட்டு இறங்கிவிட்டது. முறுக்கும் ஆணி தளர்ந்திருக்கிறது, நீ கவனிக்கவில்லை. அதற்கப்புறம் அந்தத் தந்தியில் வருகிற ஒவ்வொரு ஸ்வரத்தையும் விரலால் தள்ளித் தள்ளிச் சரிக்கட்டுகிறாய், நான்கு இடத்தில் அது எட்டவே இல்லை. பதினோராவது நொடியில், மீட்டுகிற பிக் வேறு தந்தியில் உரசுகிறது. பத்தொன்பதில் தாளம் ஓடுகிறது, இருபத்து மூன்றில் நொண்டுகிறது. வேகமாக வருகிற ஏழாவது வரியில் இரண்டு ஸ்வரத்தை விழுங்கிவிட்டாய். கடைசியில் விரலின் நடுக்கம் ஒரே அளவில் இல்லை, குளிரில் நடுங்குகிற ஆள் மாதிரி இருக்கிறது. மற்றதையெல்லாம் தனித் தாளில் நொடிவாரியாக எழுதி வைத்திருக்கிறேன்.

நீ சின்ன வயதிலிருந்தே "மனசு வந்தா போதும் அக்கா, கை தானா வரும்" என்பாய். வராது. நினைத்த ஸ்வரத்தை, நினைத்த நொடியில், நினைத்த சுருதியில் வைக்கத் தெரிந்தவன்தான் பெரிய கிட்டார்க்காரன். ராக் என்றால் சட்டையைக் கழற்றிக்கொண்டு குதிப்பது என்று நினைத்துக்கொண்டு திரிகிறவர்கள் இரண்டு வருஷத்தில் காணாமல் போவார்கள். அந்தப் பதினைந்தையும் திருத்து. மற்றபடி பரவாயில்லை.

அத்தான் விசாரித்தார். உடம்பைக் கவனி.
அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்த அன்றைக்கே இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது, இரண்டாம் தடவை நீ சொன்னது அத்தனையும் சரி என்று தெரிந்தது. அப்பப்பா, பதினைந்து! என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க உன்னைத்தான் அனுப்ப வேண்டும், ஒருத்தியும் தேறமாட்டாள். அம்மா நடக்கிறார்களா? மாடிப்படி ஏற விடாதே.

பார்சல் அலுவலகத்தில் பத்து நாள் லீவு போட்டுவிட்டேன். தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் வாங்கிவிட்டேன். ஆணியை மாற்றிவிட்டேன். உன் தாளைச் சுவரில் ஒட்டிவைத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருகிறேன். டிரம்மருக்குத்தான் பிடிக்கவில்லை. "டேய், அது நல்லாத்தானே இருந்துச்சு, ஏண்டா அதப் போட்டு இஸ்திரி போடற?" என்கிறான். அவனுக்கு என்ன தெரியும்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். படிக்கட்டில் அன்றைக்கு வாசித்தபோது மேல்மாடித் தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். நான் முடிக்கும்வரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மேலே போய்விட்டார், அப்புறம் ஒரு மணி நேரம் மிஷின் சத்தமே இல்லை. பெரிய கிட்டார்க்காரன் என்றால் இதுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன் அக்கா. விரல் எத்தனை வேகம் போகிறது என்பதை நம்மைப் போன்றவர்கள்தான் எண்ணுவோம். அந்த அம்மா எதையும் எண்ணவில்லை. சரி, நீ திட்டுவதற்குள் நிறுத்திக்கொள்கிறேன்.

நீ ஒன்றை எழுதவில்லை. உனக்குப் பிடித்ததா? அம்மா கேட்டார்களா, என்ன சொன்னார்கள்?

அத்தானுக்கு என் வணக்கம். மெட்ரோனோம் கூப்பிடுகிறது.
தம்பி


மார்ச் 17

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் நேற்றுதான் வந்தது, இன்றைக்கே எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலமாக இருக்கிறோம். நீ லீவு போட்டுப் பயிற்சி செய்வது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இப்போதுதான் நீ என் தம்பி.

மெட்ரோனோமை நிமிஷத்துக்கு அறுபதில் வைத்துத் தொடங்கு. ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் ஏற்றாதே. நான் இருநூற்றெட்டு வரை போனவள், எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதிலிருந்து தினமும் ஆறு மணி நேரம், விரல் நுனி வெடித்துப் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு வாசித்தவள். அந்தக் கிட்டாரை அப்பா எனக்குத்தான் வாங்கினார், ஞாபகம் இருக்கிறதா? நான் பள்ளிக்கூடம் போனபிறகு நீ எடுத்து நோண்டுவாய். ஒரு நாள் வீட்டுக்கு யாரோ வந்திருந்தார்கள். நான் அரை மணி நேரம் வாசித்தேன், எல்லாரும் கை தட்டினார்கள். அப்புறம் நீ மூன்றே மூன்று ஸ்வரம் வாசித்தாய், அதுவும் தப்பாக. வந்தவர்களில் ஒரு மாமி உன்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இவன் வாசிக்கறப்ப என்னமோ பண்ணுதுடி" என்றாள். நீ ஊரை விட்டுப் போகும்போது அதே கிட்டாரைத்தான் தூக்கிக்கொண்டு போனாய், அம்மாதான் எடுத்துக் கொடுத்தார்கள். பரவாயில்லை, என்னிடம் இப்போது நல்லது இருக்கிறது.

தையல்காரம்மா கதையெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. அந்தக் 'காது'க்கு முன்னால் தையல்காரம்மா வந்து நிற்கமாட்டார். ஏழாவது வரியை இன்னும் சுத்தமாக வாசி.

அம்மா இன்னும் கேட்கவில்லை. கேசட் பிளேயர் என் அறையில் இருக்கிறது, அவர்களால் மாடி ஏற முடியாது.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? என்னைப் பற்றிக் கேட்காதே.

நேற்று வாசித்தேன். ஒரு தப்பு இல்லை. நீ பக்கத்தில் இருந்திருந்தால் எழுந்து நின்று கை தட்டியிருப்பாய். காது கண்ணைத் திறந்துவிட்டார். அவர் கண்ணைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. "ரொம்ப சுத்தமா இருக்கு தம்பி. ஆஸ்பத்திரி தரை மாதிரி இருக்கு. யாரு வாசிச்சாலும் இப்படித்தான் வாசிப்பாங்க. அப்புறம் நீங்க எதுக்கு?" என்றார்.

டிரம்மர்தான் வாயைத் திறந்தான். "சார், இவன் படிக்கட்டுல ஒண்ணு வாசிச்சான் சார். மேல்மாடி அம்மா அழுதாங்க சார்" என்றான். காது உடனே, "அதக் கொண்டாங்க. நல்லா இருந்தா அந்தக் கேசட்டையே பாட்டு நடுவுல ஒட்டிடலாம். இரைச்சல் இருந்தா இருக்கட்டும்" என்றார்.

திரும்ப அதே மாதிரி வாசிக்கப் பார்த்தேன் அக்கா. கை திருந்திவிட்டது. தப்புப் பண்ண வரவில்லை, வேண்டுமென்று பண்ணினால் வேஷம் மாதிரி இருக்கிறது. இருபத்து மூன்றாம் தேதிக்குள் கேசட் வரவில்லை என்றால் அவருடைய ஆள் வாசித்துவிடுவார். குழுவிலிருந்தும் நான் கழன்ற மாதிரிதான், அதைப் பாடகி சொல்லாமல் சொல்லிவிட்டாள்.

நல்லவேளை, அது உன்னிடம் இருக்கிறது. என் கையில் இருந்திருந்தால் தொலைத்திருப்பேன். உடனே அனுப்பு அக்கா, உன் காலில் விழுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 13
(எழுதியது, தபாலில் சேர்க்கவில்லை)

அன்புத் தம்பிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எந்த முகத்தோடு எழுதுவது?

உன் கேசட் என்னிடம் இருக்கிறது, நீ வாசித்தது அதில் இல்லை.

முதல் வாரத்தில் அதை நாற்பது தடவை கேட்டிருப்பேன். முதல் தடவை கேட்டபோது நின்றுகொண்டிருந்தேன், முடியும்போது தரையில் உட்கார்ந்திருந்தேன். ஏழாவது வரிக்கு அப்புறம் ஒரு மூச்சு நேரம் நிறுத்துகிறாயே, அதை எப்படி யோசித்தாய்? எந்தப் பாடத்திலும் அது இல்லை. இருபத்திரண்டு வருஷமாக வாசிக்கிற எனக்கு அது தோன்றியதே இல்லை. பதினைந்து தப்பையும் தேடித் தேடி எழுதியது எதற்கு என்று உனக்குத் தெரியாது. அந்த ஒரு நிறுத்தத்தை மறப்பதற்கு எனக்குப் பதினைந்து காரணம் தேவைப்பட்டது.

பத்தாவது நாள் என் கிட்டாரை எடுத்து அதே ஐம்பது நொடியைச் சுத்தமாக வாசித்தேன். பதிவு செய்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். உன் கேசட்டின் மறுபக்கம் காலியாகத்தான் இருந்தது. இருந்தும் நீ வாசித்த பக்கத்தில் வைத்தே பதிவுப் பட்டனை அழுத்தினேன். தெரியாமல் கை பட்டுவிட்டது என்று எழுதலாம் என்று பார்த்தேன். தெரிந்துதான் அழுத்தினேன் தம்பி.

ஞாயிறு, மதியம்.

ஒரு வழி தோன்றியது. இன்றைக்குப் பள்ளிக்கு விடுமுறை. பழைய ஆம்ப்பையும், பதிவு செய்கிற அந்தக் கேசட் பிளேயரையும் பின்பக்கப் படிக்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன், அத்தான் "படிக்கட்டுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டார், "ரிப்பேர்" என்று சொன்னேன். மூன்றாவது தந்தியை எவ்வளவு தளர்த்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். பதினைந்து தப்பும் நொடிவாரியாக மனப்பாடம். பதினொன்றில் உரசினேன், பத்தொன்பதில் ஓடினேன், இருபத்து மூன்றில் நொண்டினேன். இரண்டு ஸ்வரத்தை விழுங்கினேன். இருநூற்றெட்டுக்குப் போகிற கைக்கு இது பெரிய வேலையே இல்லை என்று நினைத்தேன், ஆனால் பதினோரு தடவை வாசித்தும் பொம்மை ஆடுகிற மாதிரிதான் வந்தது. பன்னிரண்டாவது தடவை என்னமோ ஆயிற்று. அதைத்தான் வைத்திருக்கிறேன்.

வீட்டுக்குள் வந்தபோது அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். "தம்பி வாசிச்ச கேசட்டா? இப்பதான் என் காதுல விழவெக்கணும்னு தோணுச்சா உனக்கு?" என்றார்கள். என் இருபத்திரண்டு வருஷத்தில் அம்மா இப்படி நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டதில்லை. அதுவும் உன் பெயருக்குப் போய்விட்டது.


ஏப்ரல் 17

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். கேட்ட கேசட்டை அனுப்பியிருக்கிறேன், பத்திரமாகத்தான் இருந்தது. கவலைப்படாதே, எல்லாம் நல்லபடியாக நடக்கும்.

அம்மா ஒருவழியாகக் கேட்டார்கள். ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா, அத்தான், நீ, மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் அப்படியே.

கேசட் ஏப்ரல் இருபத்தோராம் தேதி வந்தது. காது கேட்டார். பாட்டில் சேர்த்துவிட்டார்கள். தட்டு ஆகஸ்டில் வெளிவருகிறது. குழுவில் என் இடம் உறுதியாகிவிட்டது. உதவிக்கு நன்றி.

வேலை அதிகம்.
தம்பி


செப்டம்பர் 6

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? மூன்று மாதமாக ஒரு வரி இல்லை. போனமுறை எழுதியதும் தாசில்தார் ஆபீசிலிருந்து வந்த கடிதம் மாதிரி இருந்தது. "உதவிக்கு நன்றி"யாம்! என்னோடு பேச உனக்கு எப்போதிலிருந்து இவ்வளவு மரியாதை? அம்மா தினமும் தபால்காரரை நிறுத்தி விசாரிக்கிறார்கள். அவர் இப்போதெல்லாம் தெருவின் அந்தப் பக்கமாகப் போகிறார்.

தட்டு வந்துவிட்டது, கேட்டேன். எங்கே போனாலும் அந்த ஐம்பது நொடிதான். எதிர் வீட்டில் காலையில் போடுகிறார்கள், பேருந்தில் ஒருத்தன் விசில் அடிக்கிறான். பத்திரிகையில் யாரோ ஒரு விமர்சகர் எழுதியிருந்ததை அத்தான் தானாகவே கத்தரித்துக் கொடுத்தார். அதிசயம்தான். "இதில் வித்தை என்று எதுவும் இல்லை, விரல் தடுமாறுகிறது, தந்தி சுருதி சேரவில்லை, ஆனால் கேட்கிறவன் அழுகிறான். கையால் வாசிக்கிறவர்கள் மத்தியில் மனசால் வாசிக்கிற ஒருவன்" என்று எழுதியிருக்கிறார். வித்தை எதுவும் இல்லையாம்! படித்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன், அப்படியும் அடங்கவில்லை.

என் மாணவர்கள் எல்லாருக்கும் அதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டுமாம். "மிஸ், உங்க தம்பி வாசிச்சாரே, அதச் சொல்லிக் குடுங்க" என்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிறேன். நேற்று ஒரு பெண், பதினாறு வயது இருக்கும், நான் வாசித்துக் காட்டியதைக் கேட்டுவிட்டு, "நோட்ஸ் எல்லாம் கரெக்ட் மிஸ், ஆனா அவர் வாசிக்கற மாதிரி இல்ல" என்றாள். நான் அறையை விட்டு வெளியே போய் மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் நின்றுவிட்டு வந்தேன்.

சந்தோஷமாகத்தானே இருக்கிறாய்? ஊர் ஊராகப் போய் வாசிக்கிறீர்களாமே. அந்த ஏழாவது வரிக்கு அப்புறம் வருகிற நிறுத்தத்தை மேடையில் எப்படி வாசிக்கிறாய் என்று எழுது. தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

பதில் போடு, கல்நெஞ்சா.
அக்கா


அக்டோபர் 19

அன்புள்ள அக்கா,

அம்மாவிடம் நான் நலம் என்று சொல். உன்னிடம் பொய் சொல்ல முடியவில்லை.

அந்தக் கேசட்டை ஏப்ரலில் காதுக்கு முன்னால்தான் முதல்முதலாகப் போட்டேன். முப்பது நொடிவரை அது நான் வாசித்தது இல்லை என்று எனக்கே தெரியவில்லை. பதினைந்து தப்பும் அப்படி அப்படியே இருந்தது, உன் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக டிக் போடலாம் போல. பிறகு ஏழாவது வரி முடிந்தது. நிறுத்தம் வந்தது. அது முடியவே இல்லை.

நான் அங்கே ஏன் நின்றேன் தெரியுமா? மறந்துபோய்விட்டது அக்கா. அடுத்து என்ன என்று ஞாபகம் வரவில்லை. ஒரு மூச்சு விட்டேன், ஞாபகம் வந்தது, மேலே வாசித்தேன். அதுதான் பதினாறாவது தப்பு. உன் பட்டியலில் அது இல்லாதபோது, அட, அக்காவையே ஏமாற்றிவிட்டோம் என்று சிரித்தேன். கேசட்டில் இருந்தது ஒரு மூச்சு இல்லை, மூன்று. நான் வாசித்தது ஐம்பது நொடி. காது தன் நோட்டில் ஐம்பத்து மூன்று என்று எழுதினார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. டிரம்மர் "இதேதான் சார், இதேதான்" என்று குதித்தான். யாருக்கும் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. அப்படி வாசிக்கிற கை உலகத்தில் ஒன்றுதான் உண்டு.

என் கேசட்டுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. ஏன் தெரியுமா? நீ என்ன செய்திருந்தாலும் நான் செய்தது அதைவிடக் கேவலம். "சார், இது என் அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் எல்லாரும் உன்னைத் தேடி வந்துவிடுவார்கள். உனக்கு விரல் இருக்கிறது, வேகம் இருக்கிறது, சுருதி இருக்கிறது. எனக்கு இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் உனக்கு என்னைவிட நன்றாக வருகிறது என்றால் எனக்கு என்ன மிச்சம்? அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஆறு மாதமாக உன்மேல் எரிந்துகொண்டிருக்கிறேன். உன் கையெழுத்தைப் பார்த்தாலே கடுப்பாக இருக்கிறது. அதனால்தான் எழுதவில்லை.

மேடையில் எப்படி வாசிக்கிறாய் என்று கேட்டாய். குத்திக்காட்டத்தான் கேட்டாய் என்று தெரியும். ஏழு ஊரில் வாசித்தாயிற்று. அந்த இடம் வரும், மூன்று மூச்சு எண்ணி நிற்பேன். ஜனங்கள் இருமுகிறார்கள். போன வாரம் ஒருத்தன் "மறந்துட்டியா?" என்று கத்தினான்.

டிசம்பர் பதினான்காம் தேதி பெரிய அரங்கில் நிகழ்ச்சி. நீ வந்து அந்த இடத்தை வாசி. உண்மையை மேடையில் நானே சொல்லிவிடுகிறேன். வர முடியாது என்றால் இதையாவது எழுது: அங்கே நின்றபோது நீ என்ன நினைத்தாய்?

தம்பி


நவம்பர் 2

அன்புத் தம்பிக்கு,

அம்மா இப்போது இரண்டு படி ஏறுகிறார்கள். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், முழுசாக. அப்புறம், "அன்னைக்கு வாசிச்சது நீயா?" என்று மட்டும் கேட்டார்கள். ஆமாம் என்றேன். "அப்ப சொல்லியிருக்கலாம்ல" என்றார்கள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்கள் பார்.

உன் கேசட்டுக்கு என்ன ஆயிற்று என்பது ஏப்ரலில் எழுதி அனுப்பாத கடிதத்தில் இருக்கிறது, இதோடு வைத்திருக்கிறேன். படித்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. மறந்துபோய் நின்றாயாம்! அதற்காக நான் தரையில் உட்கார்ந்தேனாம்! அதைப் படித்ததும் சிரித்தேன், அப்புறம் அடுப்படியில் போய் ஒரு டம்ளரைத் தூக்கி எறிந்தேன். அத்தான் செய்தித்தாளை வைத்துவிட்டு ஓடி வந்தார்.

மேடையில் வந்து வாசிக்கமாட்டேன். உன்னை மாதிரி ஒருதரம் வாசித்தது போதும். ஆனால் என் பெயர் வேண்டும். அடுத்த முறை தட்டு அச்சிடும்போது அட்டையில் போடச் சொல், உன் பெயர் என்ன அளவோ அதே அளவில். விட்டுக்கொடுத்து நல்ல பெயர் வாங்குகிற அக்கா நான் இல்லை.

அங்கே என்ன நினைத்தேன் என்று கேட்கிறாய். சொல்கிறேன். பன்னிரண்டாவது தடவை அந்த இடம் வந்தது. ஒரு மூச்சு விட்டு மேலே போயிருக்க வேண்டும். அப்போது தோன்றியது, இது ஏன் இவனுக்குக் கிடைத்தது? விரல் வெடித்தது எனக்கு. ஆறு மணி நேரம் எனக்கு. பிளாஸ்திரி எனக்கு. மாமியின் மடி அவனுக்கு, அம்மாவின் காத்திருப்பு அவனுக்கு, கிட்டாரும் அவனுக்கு. ஏன் எனக்கு இல்லை? கை நகரவில்லை தம்பி. அந்த விமர்சகர் நினைக்கிற மாதிரி காதலும் இல்லை, பிரிவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஊரே கேட்டு அழுகிற அந்த மூன்று மூச்சும் வயிற்றெரிச்சல். உன்மேல் எனக்கு இருந்த வயிற்றெரிச்சல்.

நீ எண்ணி நின்றால் எப்படி வரும்? உனக்கு அப்போது யார்மேலும் பொறாமை இருந்ததில்லை, எல்லாம் தானாக வந்தது. இப்போது இருக்கிறது. ஆறு மாதமாக எரிகிறேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். எண்ணாதே. மெட்ரோனோமைத் தூக்கிப் பரண்மேல் போடு.

டிசம்பர் பதினான்காம் தேதி வருகிறேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். முதல் வரிசையில், உன் கண்ணில் படுகிற மாதிரி எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல். அந்த இடம் வரும்போது என்னைப் பார்.

அக்கா